5.4 வந்துவிட்டது, இனிப் பெரியது வராதா?

நிலநடுக்கம் அடிக்கடி வரும் பகுதியில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: முந்தாநாள் நள்ளிரவில் 5.4 அளவில் ஓர் அதிர்வு. யாருக்கும் காயமில்லை. சுவர்களில் சில விரிசல்கள். ‘சின்னதாக வந்து அழுத்தம் இறங்கிவிட்டது, இனிப் பெரியது வராது’ என்கிறார்கள் பக்கத்து வீட்டார். ‘இது முன்னோட்டம்தான், வீட்டுக்குள் படுக்காதீர்கள்’ என்கிறார்கள் உறவினர்கள். எது சரி? இரண்டு நாளாகத் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

நான் கட்டடப் பொறியாளன். நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய் விரிசல் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இந்த இரண்டு பேச்சும் போகிற இடமெல்லாம் காதில் விழும். இரண்டுமே பாதி தெரிந்து சொல்வது. கேட்க ஆறுதலாக இருப்பதால் முதல் பேச்சில்தான் ஆபத்து அதிகம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால், கருவியில் பதியும் அலையின் உயரம் 10 மடங்கு ஆகும். வெளிப்படும் ஆற்றலோ சுமார் 32 மடங்கு. அப்படியானால் 5க்கும் 7க்கும் நடுவில் 1,000 மடங்கு, 5க்கும் 8க்கும் நடுவில் ஏறக்குறைய 32,000 மடங்கு. நிலத்தடிப் பாறையில் 8 அளவு நிலநடுக்கத்துக்கான ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பிளவு, அதை 5 அளவிலான அதிர்வுகளாகச் சில்லறை மாற்றி இறக்க வேண்டுமென்றால், தினம் ஒன்று என்று 87 ஆண்டுகள் விடாமல் வர வேண்டும். பூமியில் எந்தப் பிளவும் அப்படி நடந்துகொள்வதில்லை.

நிலத்துக்கு அடியில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். 5.4 என்றால், பிளவின் சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு சென்டிமீட்டர் கணக்கில் நழுவியிருக்கும், அவ்வளவே. 8 அளவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை மீட்டர் கணக்கில் நழுவும். உங்கள் ஊரடியில் அந்தச் சிறு துண்டு இளைப்பாறியது உண்மைதான். ஆனால் அது இறக்கி வைத்த பளுவில் ஒரு பங்கு இரு பக்கத்துத் துண்டுகளின் தோளில் ஏறியிருக்கும். புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதும் நிற்கவில்லை.

இந்த ஆறுதல் பேச்சுக்கு மனிதர்கள் கொடுத்த விலையும் உண்டு. இத்தாலியில் லாக்விலா நகரத்தில் 2009 தொடக்கத்தில் மாதக்கணக்காகச் சிறு அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. மக்கள் பதறினார்கள். மார்ச் 31 அன்று நிபுணர்கள் கூடினார்கள். ஆற்றல் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் நிலைமை சாதகமானதே என்ற பொருளில் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் பேசினார். ஆறாம் நாள், ஏப்ரல் 6 அதிகாலை மூன்றரை மணிக்கு, 6.3 அளவில் வந்தது. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் இரவில் அதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுத்துக்கொள்வது அங்கே பலருக்குப் பழக்கம். அன்றிரவும் முன்னதாக இரண்டு அதிர்வுகள் வந்தன, பலர் உள்ளேயே இருந்துவிட்டார்கள். நிபுணர்களுக்கு 2012இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும், 2014இல் மேல்முறையீட்டில் அவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டதும் தனிக்கதை. யாரும் நிலநடுக்கத்தைக் கணிக்கவில்லை என்பது எனக்குக் குறையாகப் படவில்லை, கணிக்க முடியாததுதான் அது. பயந்தவர்களிடம் ‘சிறியது வந்தால் நல்லது’ என்று சொல்லி உள்ளே அனுப்பியதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அடுத்து உறவினர்களின் பேச்சு. முன்னதிர்வு என்று ஒன்று உண்டா என்றால் உண்டு. ஆனால் வரும்போதே எதுவும் தன்னை முன்னதிர்வு என்று காட்டிக்கொள்வதில்லை. பின்னால் பெரியது வந்தால்தான் முன்னால் வந்ததற்கு அந்தப் பெயர் கிடைக்கிறது. கலிபோர்னியா போன்ற பகுதிகளின் நீண்டகாலப் பதிவுகளை வைத்துச் சொல்வது இது: ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதே இடத்தில், ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20இல் 1. அதாவது 20இல் 19 முறை அதைவிடப் பெரியது வராது. அந்த ஒரு முறையும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும், நாள் போகப்போக வாய்ப்பு சரியும். இந்த 20இல் 1ஐ நான் சிறிய எண்ணாக நினைப்பதில்லை. சாதாரண ஒரு வாரத்தில் உங்கள் ஊரில் இருக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால் இது எத்தனையோ மடங்கு அதிகம். ஊரைக் காலி செய்ய வைக்கும் எண்ணும் இல்லை இது. சந்தேகமான கட்டடத்துக்குள் ஒரு வாரம் படுக்காமல் இருக்க இது போதும்.

ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 6.2 அளவில் வந்தது. அதுதான் பெரியது என்று எல்லோரும் நினைத்தார்கள். வீடு திரும்பியவர்கள் பலர். 28 மணி நேரம் கழித்து, 16ஆம் தேதி அதிகாலையில் 7.0 வந்தது. நேரடியாக இறந்த சுமார் 50 பேரில் பெரும்பாலோர் இறந்தது இந்த இரண்டாவதில். முதல் அதிர்வில் தளர்ந்திருந்த வீடுகள் இரண்டாவதைத் தாங்கவில்லை. அதன் பிறகு அந்நாட்டு வானிலை மையம் இது போன்ற நேரங்களின் அறிவிப்பில் ‘பின்னதிர்வு’ என்ற சொல்லையே தவிர்க்கத் தொடங்கியது. அந்தச் சொல் காதில் விழுந்தாலே பெரியது முடிந்துவிட்டது என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் காரணம். ஒரு சொல்லைக் கைவிட்டதற்காக ஒரு நிறுவனத்தை மனதாரப் பாராட்டலாம் என்றால் அது இதற்காகத்தான்.

பின்னதிர்வுகளைப் பற்றி ஓரளவு உறுதியாகவே பேசலாம். ஃபுசாகிச்சி ஓமோரி என்ற ஜப்பானியர் 1894இல் கண்ட விதி இன்றும் செல்லும்: முதல் நாளோடு ஒப்பிட்டால் பத்தாம் நாள் பின்னதிர்வுகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அவற்றில் மிகப் பெரியது, சராசரியாக, மூல அதிர்வைவிட 1.2 குறைவாக இருக்கும். உங்கள் 5.4க்கு அது 4.2 அளவு. சராசரி என்பதைக் கவனியுங்கள். நியூசிலாந்தில் 2010 செப்டம்பரில் கிரைஸ்ட்சர்ச்சுக்கு மேற்கே 7.1 அளவில் வந்தபோது இடிந்து விழுந்து இறந்தவர் எவருமில்லை. ஐந்தரை மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22 அன்று வந்த 6.2 அளவுப் பின்னதிர்வு நகரத்துக்கு மிக அருகில், ஆழமில்லாமல் வந்தது. 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர் ஒரே கட்டடத்தில். செப்டம்பர் அதிர்வுக்குப் பிறகு பார்வையிட்டு, பயன்படுத்தலாம் என்று பச்சை அட்டை ஒட்டிய கட்டடம் அது. வேகமாகப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று சொல்ல என் வாய் துணியாததற்கு அந்தக் கட்டடமும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 5.4 என்பது ‘மிதமானது’ என்று செய்தியில் வாசித்திருப்பீர்கள். உலகில் ஆண்டுக்கு 1,000க்கு மேல் இந்த வகுப்பில் வருகின்றன. பெரும்பாலானவை கடலடியிலோ ஆளில்லாத இடத்திலோ வந்து போவதால் நமக்குத் தெரிவதில்லை. ஊருக்கு நேர் கீழே ஆழமில்லாமல் வந்தால் கதை வேறு. மொராக்கோவின் அகாதிர் நகரத்தில் 1960 பிப்ரவரி 29 அன்று வந்தது சுமார் 5.8 தான். சில நொடிகளில் 12,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். எல் சால்வடோரின் தலைநகரத்தில் 1986இல் 5.7 அளவில் வந்து ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். மேற்கு ஜாவாவின் சியாஞ்சூரில் 2022 நவம்பரில் 5.6, ஆழம் 10 கிலோமீட்டர் அளவில். 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பள்ளியில் இருந்த பிள்ளைகள் அவர்களில் பலர்.

அளவு என்பது பிளவில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதற்கான எண். ஒரு நிலநடுக்கத்துக்கு அது ஒன்றே ஒன்று. உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்வது தீவிரம், அது தெருவுக்குத் தெரு மாறும். மேளத்தை ஓங்கி அடித்த அடி ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைக்கிறது, ஊர்க்கோடியில் இருப்பவருக்கு லேசாகக் கேட்கிறது. இதில் மண்ணும் சேர்ந்துகொள்ளும். கெட்டிப் பாறைமேல் நிற்கும் வீட்டைவிட ஆற்று வண்டல்மேலும் தூர்த்த ஏரியின்மேலும் நிற்கும் வீடு அதிகம் ஆடும். 1985இல் மெக்சிகோ நகரத்தை நொறுக்கிய 8.0 நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், கடற்கரையோரம் இருந்தது. வழியில் இருந்த ஊர்கள் பல தப்பித்துக்கொள்ள, பழைய ஏரிப்படுகையின்மேல் எழுந்திருந்த நகரம் அடி வாங்கியது. அந்தச் சேற்றுப்படுகை இரண்டு நொடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஆட, அதே தாளத்தில் ஆடும் உயரமுள்ள நடுத்தர மாடிக் கட்டடங்களே அதிகம் விழுந்தன.

முந்தாநாள் இரவு உங்கள் அம்மா கவனித்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். முதலில் யாரோ கதவை முட்டியதுபோல ஒரு குலுக்கல், பிறகு கட்டிலோடு சேர்த்து ஆட்டம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி? வேகமாக வருவது முதல் அலை, பின்னால் வந்து ஆட்டுவது இரண்டாம் அலை. நடுவில் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 8 கிலோமீட்டர் என்று போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றாகவே வந்ததாகத் தோன்றியிருந்தால் மையம் உங்களுக்கு மிக அருகில். அப்படிப்பட்ட இடத்துக்குக் கைபேசி எச்சரிக்கையும் நேரத்துக்கு வராது. இரண்டாம் அலை வருவதற்குள் தகவலை அனுப்புவதுதான் அந்த ஏற்பாடு. மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த இடைவெளியே கிடைப்பதில்லை.

ஆக, பெரியது வருமா என்பதற்கு 5.4 பதில் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறது. அதை வாசியுங்கள். பகல் வெளிச்சத்தில், டார்ச்சும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து தொடங்குங்கள். வீடு ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தெரிந்தாலோ, அடித்தளத்தை ஒட்டி மண் பிளந்திருந்தாலோ உள்ளே போகவே வேண்டாம். மாடிக் கைப்பிடிச்சுவர், மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி, முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் அலங்காரம், இவற்றுக்குக் கீழே நிற்காமல் பாருங்கள்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. பீமுக்குக் கீழே, செங்கல் சுவர் அதைத் தொடும் இடத்தில், கோடு போட்டதுபோல நேராக ஓடும் விரிசல் கான்கிரீட்டும் செங்கலும் வெவ்வேறாக ஆடியதால் வந்தது. அநேகமாகப் பூச்சோடு நின்றுவிடும். பூச்சைத் தட்டிப் பார்த்து, உள்ளே கட்டு உறுதியாக இருந்தால் கவலை குறைவு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் சுவரில் பெருக்கல் குறிபோல் இரண்டு சாய்வு விரிசல்கள் வெட்டிக்கொண்டால், அந்தச் சுவரை நிலம் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறித் தள்ளியிருக்கிறது. ஒரு தள்ளுக்கு ஒரு கோடு. பாரம் தாங்கும் சுவரில் அது இருந்து, விசிட்டிங் கார்டு அதில் நுழைந்தால், பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் யாரும் தங்கக் கூடாது.

பில்லர் வீடாக இருந்தால் சுவரைவிட பில்லருக்கே முதலிடம் கொடுங்கள். அதன் தலையிலும் காலிலும், பீமோடு சேரும் இடத்திலும் பாருங்கள். நான் பார்த்த ஒரு வீடு ஞாபகம் வருகிறது. மூன்று மாடி, கீழே வண்டி நிறுத்த இடம், சுவரில்லாமல் பில்லர்கள் மட்டும். மேல் மாடிகளில் ஒரு கோடுகூட இல்லை, வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்தார். கீழே ஒரு பில்லரின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உப்பியிருந்தது. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினேன். பூச்சோடு கான்கிரீட்டும் சில்லாகப் பெயர்ந்து கையில் வந்தது. உள்ளே நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருந்த ரிங் வாய் திறந்து விலகியிருந்தது. அதன் நுனியைச் செங்கோணமாக மட்டும் மடித்துவிட்டிருந்தார்கள். 135 பாகை மடித்து நுனியை நடுக் கான்கிரீட்டுக்குள் செருகியிருந்தால் அது திறந்திருக்காது. ஒரு ரிங்குக்குக் கைவிரல் நீளக் கம்பியும் கொஞ்ச நேரக் கைவேலையும்தான் கூடுதலாக ஆகியிருக்கும். மேலே மூன்று மாடி, கீழே வாய் திறந்த ரிங். அன்றே எல்லோரையும் இறங்கச் சொன்னேன். மாடிகள் கெட்டியாக இருந்ததால்தான் ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளம் வாங்கிக்கொண்டது என்பதை அவருக்குப் புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. உங்கள் வீடும் இந்த அமைப்பு என்றால், வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு இன்று சட்டத்தில் இறுக்கிக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். சட்டம் கோணலாகியிருக்கிறது என்று பொருள். கண்ட ஒவ்வொரு விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அதிர்வுக்குப் பிறகு விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வீடு இன்னும் நகர்கிறது. உடனே சிமென்ட் பூசி மறைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. தடயமும் போய்விடும், உறுதியும் வராது.

ஆடும்போது என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கான்கிரீட் வீட்டில் இருந்தால் ஓடாதீர்கள். இருக்கும் இடத்திலேயே குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிலில் இருந்தால் அப்படியே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். மாடிப்படியும் வாசலும்தான் மோசமான இடங்கள். ஸ்பெயினின் லோர்காவில் 2011 மே மாதம் 4.5 அளவில் ஓர் அதிர்வு வந்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 5.1 வந்தது. இறந்த ஒன்பது பேரில் பெரும்பாலோரைக் கொன்றது மேலேயிருந்து தெருவில் விழுந்த கைப்பிடிச்சுவர்களும் முகப்புக் கற்களும். வெளியே போவதென்றால் ஆட்டம் நின்ற பிறகு, கட்டடத்தைவிட்டு விலகித் திறந்த வெளிக்கே போய்விட வேண்டும், சுவரோரம் நிற்கக் கூடாது. மண்சுவர் வீடும் கல்லை அடுக்கிக் கட்டிய வீடும் இதற்கு விதிவிலக்கு. வாசல் இரண்டு எட்டில் இருந்தால் அவற்றிலிருந்து வெளியேறுவதே மேல். ஆட்டம் நின்றதும் எரிவாயு வாடை வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள்.

தேதி குறித்துச் சொல்லி வரும் செய்தி எதையும் நம்பாதீர்கள். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவில் வந்தது. அடுத்தது 1993க்குள் வரும் என்று அறிஞர்கள் அறிவித்து, கருவிகளை நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004இல். உலகிலேயே அதிகம் கண்காணிக்கப்பட்ட ஒரு பிளவில் நிலைமை அது.

இனி அம்மாவுக்கு. ‘ஒன்றும் ஆகாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் அதை நம்பவும் மாட்டார். அவருடைய பயம் நியாயமானது. மேலே சொன்ன பெரிய அறிகுறி ஒன்று இருந்தாலும், பொறியாளர் பார்க்கும்வரை அவரை வேறு வீட்டில் படுக்க வையுங்கள். பூச்சு விரிசல்கள் மட்டும்தான் என்றால் வீட்டிலேயே படுக்கலாம். கட்டிலைக் கண்ணாடி ஜன்னலிடமிருந்தும் உயரமான அலமாரியிடமிருந்தும் தள்ளிப் போடுங்கள். தலைக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். கட்டில் காலில் ஒரு பையைக் கட்டி, செருப்பும் டார்ச்சும் அவர் மாத்திரைகளும் அதில் இருக்கட்டும். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துக் காயப்படுபவர்கள் நிறையப் பேர். அலமாரியை இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள், செங்கல் பூச்சில் அல்லாமல் கட்டிடத்தின் கெட்டியான பாகத்தில் திருகு இறங்க வேண்டும். திருகி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அந்த அலமாரியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.